ஆசியாவை உடைக்க முடியாது

பல்கேரிய மொழியில் ஆசியாவுக்கு 'ஆஸியா' என்றுதான் பேர். அவங்க எழுத்தில் மொத்தம் நாலு எழுத்து: ஆ, ஸ், இ, யா. 'யா'ங்கறது அங்கே ஒரே எழுத்து. வாய்விட்டுச் சொன்னா மூணு அசை. இப்போ ஒரு வரியோட கடைசியில் இந்த வார்த்தை வந்து நிக்குது, இடம் பத்தல. எங்கே வெட்டி, ஒரு சின்னக் கோடு போட்டு, மிச்சத்தை அடுத்த வரிக்கு அனுப்புவீங்க?

எங்கேயும் வெட்ட முடியாது. 'ஆ'வுக்கு அப்புறம் வெட்டினா மேல் வரியில் ஒத்தை எழுத்து நிக்கும், அது கூடாது. 'யா'வுக்கு முன்னாடி வெட்டினா கீழ் வரியில் ஒத்தை எழுத்து போய் உட்காரும், அதுவும் கூடாது. 'ஸ்'ஸையும் 'இ'யையும் பிரிக்கறதுக்கு வழியே இல்ல, ரெண்டும் ஒரே அசை. அவ்வளவு பெரிய கண்டம், பல்கேரிய வரியில் அப்படியே முழுசா கீழே இறங்கித்தான் ஆகணும்.

இதைப் படிச்சிட்டு 'இது தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப் போகுது'ன்னு கேக்கறவங்க இருப்பீங்க. பிளேஸ்மென்ட் சீசன், நியாயமான கேள்விதான். ஆனா நான் இதை எழுதறதுக்குக் காரணமே பிளேஸ்மென்ட்டுக்குத் தயாராகும் நம்ம ஆளுங்க எல்லாரிடமும் பரவியிருக்கிற ஒரு பழக்கம். எந்தப் பிரச்சினையைக் கொடுத்தாலும் முதல் கேள்வி 'டேட்டாசெட் இருக்கா?' என்பதுதான். அந்தப் பிரச்சினைக்கு யாராவது ஏற்கெனவே விதி எழுதி வச்சிருக்காங்களான்னு ஒருத்தரும் தேடறதில்லை. விதி இருக்கிற இடத்தில் மாடல் ட்ரெயின் பண்ணக் கிளம்புவது சோம்பேறித்தனம்தான், கூடவே ஜிபியு பில்லும் கட்டற சோம்பேறித்தனம். அதுக்கு நான் கொண்டு வர்ற சாட்சி பல்கேரிய மொழி.

பின்னணியைச் சுருக்கமா சொல்லிடறேன். எங்க மினி புராஜெக்ட் ஒரு மின்னூல் வாசிக்கும் செயலி. போன் திரையில் பத்தியை ரெண்டு ஓரமும் சமமா நிறுத்தினா, வார்த்தைகளுக்கு நடுவுல ஓட்டை ஓட்டையா வெள்ளை விழும். அது விழாம இருக்கணும்னா நீளமான வார்த்தைகளை வரிக் கடைசியில் உடைச்சே ஆகணும். ஆங்கிலத்தைத் தவிர, லத்தீன் எழுத்து இல்லாத ஒரு மொழியையும் சேர்க்கணும்னு தேடினப்ப பல்கேரியன் மாட்டுச்சு. முதல் ரிவ்யூவில் எங்க கைடு கேட்ட முதல் கேள்வி என்னன்னு உங்களுக்கே தெரியும்.

முதல்ல ஆங்கிலத்தைப் பாருங்க. நம்மில் பாதிப் பேர் இங்கிலீஷ் மீடியம். காம்போசிஷன் நோட்டில் வரிக் கடைசியில் கோடு போட்டு வார்த்தையை உடைச்சிருப்போம். எங்கே உடைக்கணும்னு டீச்சர் சொன்னது ஒண்ணே ஒண்ணு: 'சிலபிள் பாத்து உடை.' அந்த சிலபிள் எங்கே முடியுதுன்னு எப்படித் தெரியும்? அகராதியைப் பார்க்கணும். அகராதிக்கு அகராதி மாறும். 'நாலெட்ஜ்' வார்த்தையை அமெரிக்கன் அகராதி உச்சரிப்பை வச்சு 'எல்'லுக்கு அப்புறம் உடைக்கும். பிரிட்டிஷ் மரபு வேர்ச்சொல்லைப் பார்க்கும், 'நோ' தனியா நிக்கிற மாதிரி 'டபிள்யூ'வுக்கு அப்புறம் உடைக்கும். 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லா வந்தா ஒரு இடம், வினைச்சொல்லா வந்தா வேற இடம். ஒரே எழுத்துக்கூட்டு, ரெண்டு வெட்டு.

இப்படிப்பட்ட மொழிக்கு ஒரு தீர்வு வேணும்னுதான் ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் கனூத்தோட மாணவர் ஃபிராங்க் லியாங் 1983-ல தன் ஆய்வேட்டை எழுதினார். அவர் செஞ்சது ரொம்ப அழகான வேலை. அகராதியிலிருந்து சின்னச் சின்ன எழுத்துத் துண்டுகளை எடுத்து, எழுத்துகளுக்கு நடுவுல எண் போட்டார். ஒற்றைப்படை எண் வந்தா இங்கே உடைக்கலாம், இரட்டைப்படை வந்தா உடைக்காதே. ரெண்டு துண்டு சண்டை போட்டா பெரிய எண் ஜெயிக்கும். ஆங்கிலத்துக்கு 4447 துண்டுகள். அதை வச்சு அகராதியில் இருக்கிற வெட்டுகளில் 89 சதவீதத்தைப் பிடிச்சிடலாம். இன்னைக்கும் டெக் அச்சுக்கோப்பு மென்பொருள் இதே முறையில்தான் ஓடுது. டேட்டாவிலிருந்து கத்துக்கற முறை சரியா எங்கே தேவையோ, அங்கே அதைச் சரியா போட்டார் மனுஷன். அதனால டேட்டாவே வேண்டாம்னு நான் சொல்றதா நினைக்காதீங்க. ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டு அவ்வளவு குழப்பம், அதுக்கு அவ்வளவு துண்டு தேவைப்பட்டுச்சு.

பல்கேரியனில் அந்தக் குழப்பம் இல்ல. ஏன் இல்லைங்கறதுதான் சுவாரசியம்.

30 எழுத்து, சிரிலிக். உயிரொலி ஆறு: அ, ஒ, உ, எ, இ, அப்புறம் நம்ம வாய்க்குப் புதுசா தோணும் ஒண்ணு. அந்த ஆறாவதை முழுசா புதுசுன்னும் சொல்ல முடியாது. 'பாட்டு'ன்னு சொல்லும்போது கடைசியில் உதட்டைக் குவிக்காம ஒரு அரைகுறை 'உ' விடறோமே, குற்றியலுகரம், அதுக்குப் பக்கத்து வீட்டு ஒலி. நாட்டோட பேரிலேயே அது இருக்கு: அவங்க சொல்றது 'பல்காரியா', அந்த முதல் 'ப'வில் ஒட்டியிருக்கிறது இந்த ஒலிதான். நான் இங்கே 'அ'ன்னே எழுதறேன், வேற எழுத்து கையில் இல்ல. இந்த ஆறோட 'யு', 'யா'ன்னு ரெண்டு எழுத்து சேர்ந்து மொத்தம் எட்டு உயிரெழுத்து. ஒரு வார்த்தையில் இந்த எட்டில் எத்தனை வருதோ அத்தனை அசை. ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது.

(யாப்பிலக்கணம் படிச்சவங்க அவசரப்படாதீங்க. நம்ம நேரசை, நிரையசைக் கணக்கு வேற. 'மலர்' நமக்கு ஒரே நிரையசை, ஆனா அதில் உயிர் ரெண்டு. நான் இங்கே அசைன்னு சொல்றது உயிருக்கு ஒண்ணு.)

பக்கத்து வீட்டு செர்பியனோட ஒப்பிட்டா இதோட அருமை தெரியும். செர்பியன் மொழியில் 'விரல்' என்பதற்கு 'ப்ர்ஸ்த்'. உயிரெழுத்தே கிடையாது, 'ர்' தானே அசையைத் தூக்கி நிறுத்தும். செக் மொழியில் ஓநாய் 'வ்ல்க்', அங்கே 'ல்' அந்த வேலையைப் பார்க்கும். இந்த மொழிகளுக்கு நிரல் எழுதினா 'ர்' எப்போ மெய், எப்போ உயிர் வேலை பார்க்குதுன்னு கண்டுபிடிக்கணும். பல்கேரியனில் விரல் 'ப்ரஸ்த்', ஓநாய் 'வல்க்'. அந்த அரைகுறை உயிரை உள்ளே வச்சு எழுதியே தீருவாங்க. ஸ்கேன் பண்ணினா போதும், யோசிக்க வேணாம்.

அந்த உயிர் சும்மா உட்காராம இடம் மாறவும் செய்யும். கிரேக்கர்கள் 'கர்த்ஸி', கிரேக்க மொழி சார்ந்தது 'க்ரத்ஸ்கி'. முதல் வார்த்தையில் 'ர்'ருக்கு முன்னாடி உயிர், ரெண்டாவதில் 'ர்'ருக்குப் பின்னாடி. காரணம் ரொம்ப எளிமை. அடுத்து ஒரே ஒரு மெய்யெழுத்து வந்தா உயிர் முன்னாடி நிக்கும், ரெண்டு மெய் வந்தா பின்னாடி போயிடும். ('த்ஸ்' அங்கே ஒரே எழுத்து, ஒரே மெய்.) போகலேன்னா 'ர்', 'த்ஸ்', 'க்'னு மூணு மெய் ஒரே இடத்தில் முட்டிக்கும். இப்போ 'கர்-த்ஸி', 'க்ரத்ஸ்-கி'ன்னு ரெண்டுமே ஒழுங்கா பிரியும். இதுக்கு விதிவிலக்குகள் இருக்கு, ஆனா பெரும்பாலும் இப்படித்தான். ஒரு மொழி தன் அசைகளுக்கு நடுவுல நெரிசல் ஆகாம பார்த்துக்கறதை எழுத்துலேயே காட்டுது, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

அதுக்காக மெய்யெழுத்துக்குப் பயந்த மொழின்னு நினைச்சிடாதீங்க. 'ஒருபக்கமா' என்பதற்கு 'வ்ஸ்த்ரனி'. தொடக்கத்திலேயே நாலு மெய் வரிசையா. மெய் மொழிமுதல் வராதுன்னு சொன்ன நன்னூலார் இதைப் பார்த்திருந்தா அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டார்.

சரி, விதி. பல்கேரிய அறிவியல் அகாதமியோட பல்கேரிய மொழி நிறுவனம் 2012-ல அதிகாரபூர்வ எழுத்துமுறை அகராதியை வெளியிட்டது. வரிக் கடைசியில் வார்த்தையை எப்படி உடைக்கணும்ங்கற விதிகளும் எழுத்துமுறையோட பாகம்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நோட்டில் எழுதறதும், அச்சில் போடறதும் ஒரே விதி.

ரெண்டு உயிருக்கு நடுவுல ஒரே ஒரு மெய் இருந்தா அது கீழ் வரிக்குப் போகும். 'பனிட்ஸா'ன்னு ஒரு பலகாரம், மெல்லிசா மாவை விரிச்சு உள்ளே சீஸ் வச்சு சுடறது: ப-னி-ட்ஸா. 'ட்ஸ்' ஒரே எழுத்துங்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க. ரெண்டு மெய்யோ அதுக்கு மேலயோ இருந்தா, குறைஞ்சது ஒண்ணு மேலே இருக்கணும், குறைஞ்சது ஒண்ணு கீழே போகணும். வெண்ணெய், எண்ணெய் ரெண்டுக்கும் பொதுவா 'மஸ்லோ'ம்பாங்க: மஸ்-லோ. அம்மா 'மைகா': மை-கா, இதில் 'ய்' ஒரு மெய்யா எண்ணப்படும், மேலேயே நிக்கும். மூணு மெய் வந்தா? சகோதரி 'ஸெஸ்த்ரா'. ஸெஸ்-த்ரா சரி. ஸெஸ்த்-ரா, அதுவும் சரி.

இந்த 'அதுவும் சரி'யில்தான் என் கட்சி இருக்கு. மொழியியல்காரர் யாரையாவது கேட்டா, காதுக்கு 'ஸெ-ஸ்த்ரா'ன்னுதான் விழுதுன்னு வாதாட வாய்ப்பிருக்கு. அசை எங்கே முடியுதுன்னு காதால் முடிவு பண்றது எந்த மொழியிலும் சண்டைக்குரிய விஷயம். அகராதி எழுதினவங்க அந்தச் சண்டைக்குள்ளேயே போகல. எந்தப் பக்கமும் குறைஞ்சது ஒரு மெய், அவ்வளவுதான், உன் வசதிக்கு உடைச்சுக்கோன்னு விட்டுட்டாங்க. அவங்க மொழியோட பேரையே பாருங்க: 'பல்கர்ஸ்கி'. பல்-கர்-ஸ்கி, பல்-கர்ஸ்-கி, ரெண்டுக்கும் அனுமதி உண்டு. தன் பேரையே ரெண்டு விதமா உடைச்சுக்க விடற தாராளம்!

தாராளம் மட்டும் இல்ல, அல்காரிதம் தெரிஞ்சவங்களுக்கு இதில் லாபமும் இருக்கு. வரி உடைக்கறதுக்கு 1981-ல கனூத்தும் மைக்கேல் பிளாஸும் சேர்ந்து வெளியிட்ட முறை பத்தியை வரி வரியா பார்க்காது, முழுப் பத்தியையும் ஒரே டைனமிக் புரோகிராமிங் கணக்கா எடுத்துக்கும். டிஏஏ பேப்பரில் படிச்சதுதான். எவ்வளவு இடத்தில் உடைக்கலாம்னு அனுமதி இருக்கோ, அவ்வளவு தேர்வுகள் அதுக்குக் கிடைக்கும். தேர்வு அதிகமானா பத்தி மோசமாக வழியில்ல, நல்லாகத்தான் வழி இருக்கு. 'ஒரே ஒரு சரியான வெட்டு'ன்னு அடம்பிடிக்கிற விதியைவிட, 'இதுக்குள்ள எங்க வேணா வெட்டு'ங்கற விதி நிரலுக்கு நண்பன்.

இப்போ சிக்கலான பகுதிக்கு வரேன். எழுத்தும் ஒலியும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாத சில இடம் பல்கேரியனிலும் உண்டு, ரெண்டு திசையிலும். அப்பாவுக்கு 'பஷ்தா'. காதுக்கு 'ஷ்', 'த்'னு ரெண்டு மெய். ஆனா எழுத்தில் ரெண்டும் சேர்ந்து ஒரே எழுத்து. எழுத்தை நடுவுல பிளக்க முடியுமா? முடியாது. அதனால ப-ஷ்தா. வீடு 'கஷ்தா', அதுவும் க-ஷ்தா. விதி காதைக் கேக்கல, கண்ணைத்தான் கேக்குது.

எதிர்த் திசையில் 'ஜ'. இந்த ஒலிக்கு அவங்ககிட்ட தனி எழுத்து இல்ல, 'த்' எழுத்தையும் அதுக்குப் பக்கத்தில் இன்னொரு எழுத்தையும் சேர்த்துப் போடுவாங்க. அந்த இன்னொண்ணு 'ஷ்'ஷைக் குரல் கொடுத்துச் சொன்னா வர்ற ஒலி. துருக்கியிலிருந்து வந்த 'சுஜுக்', காரமான காய்ந்த இறைச்சித் துண்டு, சு-ஜுக்னுதான் உடையும். ரெண்டு எழுத்து இருந்தாலும் ஒலி ஒண்ணு, அதனால ஒண்ணாவே கீழே போகும். சமைச்ச சாப்பாடு 'மன்ஜா', மன்-ஜா.

நிரலில் ஒரு வரி எழுதினோம்: இந்த ரெண்டு எழுத்தும் சேர்ந்து வந்தா ஒரே மெய்யா எடுத்துக்கோ. வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கும்போது 'நத்ஜிவ்யாவம்' வந்து நின்னுச்சு. இன்னொருத்தரைவிட அதிக நாள் உயிரோட இருக்கறதுக்கு இந்த வார்த்தை. 'நத்' என்றால் மேலே, முன்னொட்டு. 'ஜிவ்' என்றால் வாழ்வது. இங்கே 'த்' முன்னொட்டோட கடைசி எழுத்து, அடுத்த எழுத்து வேர்ச்சொல்லோட முதல் எழுத்து. பார்க்க அதே ஜோடி, ஆனா ரெண்டு தனி ஒலி. விதி இதைத் தெளிவா சொல்லுது: நத்-ஜிவ்யாவம்னு நடுவுல பிரி. அதே மாதிரிதான் 'பொத்ஸெமென்', நிலத்தடி. 'பொத்' கீழே, 'ஸெமியா' மண். 'த்'தும் 'ஸ்'ஸும் வேற சில வார்த்தைகளில் சேர்ந்து ஒரே ஒலி, இங்கே மட்டும் ரெண்டு. பொத்-ஸெமென்.

இங்கேதான் எங்க டீமில் ஒருத்தன் துள்ளிக் குதிச்சான். 'பாத்தியா, அர்த்தம் தெரியாம உடைக்க முடியாது, ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டே ஆகணும்'னான். நான் சொன்னது: டேய், பிரச்சினை எங்கே இருக்குன்னு அளந்து பாரு. 'த்'தில் முடியற முன்னொட்டு எத்தனை? 'நத்', 'பொத்', 'ப்ரெத்', 'ஸத்', விரல் விட்டு எண்ணலாம். அதுக்கு அடுத்து இந்த ரெண்டு எழுத்தில் ஒண்ணு வந்தா பிரி, மத்ததெல்லாம் சேர்த்து வை. தப்பிச்சுப் போறதுக்கு ஒரு சின்னப் பட்டியல். லியாங்கோட ஆங்கிலத் துண்டுகளோடவே விதிவிலக்குன்னு தனியா ஒரு குட்டிப் பட்டியல் உண்டு, அதை யாரும் கேவலமா நினைக்கல. முழு வார்த்தையோட அர்த்தம் தெரிஞ்ச ஒரு பெரிய மாடல், நாலு முன்னொட்டைக் கண்டுபிடிக்கவா?

மிச்சம் இருக்கிறது ஒரு மென்மைக் குறி. தனக்குன்னு ஒலி இல்லாத எழுத்து, 'ஒ'வுக்கு முன்னாடி மட்டும்தான் வரும், முன்னால இருக்கிற மெய்யைக் கொஞ்சம் குழைக்கும். பிரெஞ்சிலிருந்து வந்த 'ஷொஃப்யோர்', வண்டி ஓட்டுநர், அதில் இருக்கு. அதை அதோட மெய்யிலிருந்து பிரிக்கக் கூடாது: ஷொ-ஃப்யோர். நம்ம புள்ளி மாதிரின்னு வச்சுக்கோங்க, தனியா நடக்காது.

எல்லாம் சேர்த்து முப்பது வரிக்குள்ள அடங்கின நிரல். இதில் எங்க சாமர்த்தியம் ஒண்ணும் இல்ல. முக்கால்வாசி வேலையை 1945-லேயே வேற யாரோ முடிச்சுட்டாங்க. அந்த வருஷம் பல்கேரியாவில் எழுத்துச் சீர்திருத்தம் நடந்துச்சு. அதுக்கு முன்னாடி மெய்யில் முடியற வார்த்தைகளின் கடைசியில், நான் மேலே சொன்ன அந்த அரைகுறை உயிரோட எழுத்தைச் சும்மா ஒட்டி வைப்பாங்க. உச்சரிப்பு கிடையாது, பழைய மரியாதைக்கு ஒரு நாற்காலி. நகரம் 'க்ரத்' ஒரே அசை, ஆனா எழுத்தில் உயிர் ரெண்டு. அந்தக் காலத்து எழுத்தில் 'உயிரை எண்ணு, அசை தெரியும்'ங்கற கணக்கு வார்த்தைக்கு வார்த்தை பொய்யாகும். 1945-ல அந்த மௌன எழுத்தைக் கடைசியிலிருந்து தூக்கினாங்க, இன்னும் ரெண்டு பழைய எழுத்தை அரிச்சுவடியிலிருந்தே எடுத்தாங்க. எதிர்ப்பும் அரசியலும் அதில் நிறைய, அந்தக் கதை பெருசு. கணினியை மனசில் வச்சு யாரும் செய்யல. ஆனா இன்னைக்கு ஒரு ரெஜெக்ஸ் அந்த மொழியின் அசையைத் தப்பில்லாம எண்ணுதுன்னா, அந்த முடிவுதான் காரணம்.

எதிர்வாதத்தையும் நேர்மையா வைக்கணும். விதி எளிமையா இருக்கறதுக்கு ஒரு விலை உண்டு, அந்த விலை அழகு. 'ரஸொரஜாவம்', ஆயுதத்தைப் பறிப்பது. 'ரஸ்' முன்னொட்டு, 'ஒரஜியே' ஆயுதம். அர்த்தம் தெரிஞ்சவன் ரஸ்-ஒரஜாவம்னு உடைக்கத்தான் ஆசைப்படுவான். விதிப்படி 'ஸ்' ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்தை மெய், கீழே போகணும்: ர-ஸொரஜாவம். முன்னொட்டு பாதி மேலே, பாதி கீழே. இதைவிட வேடிக்கை, இந்த வேலைக்கு அவங்க வச்சிருக்கிற பேர்: 'ஸ்ரிச்கோப்ரெனாஸ்யனெ'. 'ஸ்ரிச்கா' அசை, 'ப்ரெனாஸ்யனெ' கொண்டுபோய்ச் சேர்ப்பது, நடுவுல ஒட்டுக்கு ஒரு 'ஒ'. விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினா 'ஒ'வுக்கும் 'எ'க்கும் நடுவுல 'ப்', 'ர்' ரெண்டு மெய், ஒண்ணு மேலே நிக்கணும். ஸ்ரிச்கோப்-ரெனாஸ்யனெ! விதியோட பேரே விதிக்குள்ள மாட்டிக்கிட்டு அலங்கோலமா உடையுது. நல்ல அச்சுக்கலைஞர் யாரும் இதைக் கையால் செய்ய மாட்டார்.

இருந்தாலும் நான் விதியின் பக்கம்தான். அர்த்தத்தைப் பார்த்து உடைக்கணும்னா, உடைக்கிறவருக்கு முன்னொட்டு எது, வேர் எது, கூட்டுச்சொல் எங்கே ஒட்டியிருக்குன்னு எல்லாம் தெரிஞ்சிருக்கணும். அது படிச்சவங்களுக்கான விதி. உயிரையும் மெய்யையும் எண்ணத் தெரிஞ்சா போதும்ங்கறது ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் பொருந்தும் விதி, புதுசா மொழி கத்துக்கற வெளிநாட்டுக்காரருக்கும் பொருந்தும், என் நிரலுக்கும் பொருந்தும். வருஷத்துக்கு நாலு வார்த்தை அசிங்கமா உடைஞ்சா உடையட்டும். நிஜமாவே கண்ணை உறுத்துதுன்னா, அந்த வார்த்தைகளை மட்டும் பட்டியலில் போட்டுக்கலாம், அடிப்படை விதியைக் கெடுக்க வேண்டியதில்லை.

நாடு சின்னதுங்கறதையும் மறக்காதீங்க. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 65 லட்சம். சென்னையும் சுத்துப்பட்டும் அதைவிடப் பெருசு. அந்த 65 லட்சம் பேர் நாடு 2007-ல ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தப்போ, சிரிலிக் அந்த ஒன்றியத்தோட மூணாவது அதிகாரபூர்வ எழுத்தாச்சு. மே 24 அவங்களுக்கு அரசு விடுமுறை, எழுத்துக்காகவும் கல்விக்காகவும் பண்பாட்டுக்காகவும். இவ்வளவு சின்ன மொழிக்குக் கோடிக்கணக்கான வாக்கியம் தேடிப் பிடிச்சு மாடலுக்குத் தீனி போடறது கஷ்டம். ஆனா ஒரு நிறுவனம் உட்கார்ந்து யோசிச்சு எழுதின ரெண்டு பக்க விதி இருந்தா, அந்தத் தீனியே தேவையில்ல. டேட்டா குறைவான மொழிகளுக்கு வழி என்னன்னு கருத்தரங்கு நடத்தறவங்க, இலக்கணம்னு ஒண்ணு இருக்கறதையும் ஒரு ஸ்லைடில் போடலாம்.

நம்ம பக்கம் என்ன நிலைமைன்னு கேப்பீங்க. தமிழ் நாளிதழ் பத்திகளில் வார்த்தை கோடே இல்லாம பாதியில் உடைஞ்சு அடுத்த வரிக்குப் போகும், நாமும் பழகிட்டோம். நம்ம எழுத்து ஒவ்வொண்ணும் பெரும்பாலும் ஒரு அசையைக் கையில் பிடிச்சிட்டே இருக்கறதால, எழுத்துக்கு எழுத்து உடைச்சாலும் பெருசா கெடாது. புள்ளி வச்ச எழுத்து வரித் தொடக்கத்தில் நிக்கக் கூடாதுங்கறது அச்சுக்கூடத்து மரபு, அதை நிரலில் ஒரே நிபந்தனையில் சொல்லிடலாம். டெக் தொகுப்பில் பல்கேரியனுக்கு இருக்கிற மாதிரியே தமிழுக்கும் உடைக்கும் துண்டுகள் இருக்கு. ஆனாலும் யூனிகோடில் 'கொ' என்பது 'க'வும் அதுக்கான குறியும் தனித்தனியா வர்ற ரெண்டு குறியீடுன்னு தெரியாம எழுத்தை எண்ணி வெட்டி, அடுத்த வரியில் புள்ளி வட்டத்தோட ஒரு அநாதைக் கொம்பை நிறுத்தற செயலிகளைப் பார்த்துட்டுத்தான் இருக்கோம். அங்கேயும் குறைஞ்சது டேட்டா இல்ல.

எங்க நிரல் இப்போ பல்கேரியனுக்கு ஓடுது. இன்னும் நிறைவா சோதிக்காதது அந்த 'நத்', 'பொத்' பட்டியல்தான், அதோட முன்னொட்டே இல்லாம தற்செயலா அதே எழுத்துகளில் ஆரம்பிக்கிற கடன்சொற்கள். ஜூனியர்ஸ் யாராவது அடுத்த செமஸ்டரில் இதை எடுத்துக்கறதா இருந்தா அங்கேயிருந்து ஆரம்பிங்க. சிரிலிக் படிக்கக் கத்துக்க ஒரு வாரம் போதும். ரிவ்யூவில் 'டேட்டாசெட் எங்கே'ன்னு கேட்டா, அகராதியைப் பிரிச்சு முன்னால வைங்க.